பிடித்த பாட்டுக்கு யார் எண் போடுவது?

 இந்த நேரலையைச் சிலர் காலைக் காபியோடு பார்க்கிறீர்கள், சிலர் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டுப் பார்க்கிறீர்கள். 

டிசம்பர் பிறந்தால் சில நண்பர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். "இந்த ஆண்டு எனக்குப் பிடித்த 20 பாட்டுகள்" என்று வரிசை போடுவார்கள். இருபதில் தொடங்கி ஒன்று ஒன்றாக ஏறி முதலிடத்துக்கு வருவார்கள். வாட்ஸ்அப்பில் உடனே சண்டை தொடங்கும். "அந்தப் பாட்டு எப்படி ஏழாவது? கோடிக்கணக்கான பேர் கேட்டிருக்கிறார்களே!" என்று ஒருவர் கேட்பார். பட்டியல் போட்டவரும், "இது என்னுடைய ரசனை, அவ்வளவுதான்" என்று பின்வாங்கிவிடுவார்.

அந்தப் பின்வாங்கலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். விற்பனையையும் கேட்பையும் எண்ணிச் செய்த தரவரிசைதான் உண்மை, ஒரு ரசிகர் தன் விருப்பப்படி போட்ட வரிசை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் நம்புகிறோம். பாட்டுகளுக்கு எண் போட்ட வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் இந்த நம்பிக்கை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

முதலில், எண்ணும் பழக்கம் எங்கே வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை 1936 ஜனவரியில் பாட்டுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1940 ஜூலை 27 அன்று கடைகளில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் வரிசையைத் தொடங்கியது. அதில் முதலிடம் பெற்றது டாமி டார்சி குழுவின் இசைத்தட்டு. அதில் பாடியவர் அப்போது இளைஞராக இருந்த ஃபிராங்க் சினாட்ரா.

இங்கிலாந்துக்கு இந்தப் பழக்கம் 12 ஆண்டுகள் கழித்து வந்தது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் பெர்சி டிக்கின்ஸ் என்பவர் விளம்பரம் பிடிக்கும் வேலையில் இருந்தார். சுமார் இருபது ரெக்கார்டு கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, "இந்த வாரம் எது அதிகம் போனது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பதில்களைக் கூட்டி ஒரு வரிசை செய்தார். 1952 நவம்பர் 14 அன்று வந்த பிரிட்டனின் முதல் தரவரிசை இதுதான். பன்னிரண்டு இடங்கள் என்றுதான் பெயர். சில பாட்டுகள் சமமாக வந்ததால் பட்டியலில் 15 பாட்டுகள் இருந்தன. முதலிடம் அல் மார்ட்டினோவுக்கு.

ஒரு நாட்டின் இசை வரலாறு என்று இன்று மேற்கோள் காட்டப்படுவது இருபது கடைக்காரர்களின் வாய்வார்த்தையில் பிறந்தது. பத்திரிகைக்கு விளம்பரம் வரவேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்ணுவதற்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கை சில நேரம் நியாயமாகவும் இருந்ததில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசைக்கு 1942இல் 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்று தனிப் பட்டியல் போட்டார்கள். 1945இல் அதற்கு 'இன இசைத்தட்டுகள்' என்ற பொருளில் பெயர் மாற்றினார்கள். 1949இல்தான் பில்போர்டில் வேலை பார்த்த ஜெரி வெக்ஸ்லர் யோசனைப்படி 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயர் வந்தது. ஒரே நாடு, ஒரே இசைத்தட்டு, ஒரே காசு. ஆனாலும் எண்ணுவதற்கு வேறு வேறு நோட்டு. எதை எந்த நோட்டில் எழுதுவது என்பதை எந்தக் கணக்கும் முடிவு செய்யவில்லை, ஆட்கள்தான் முடிவு செய்தார்கள்.

இனி நமக்குப் பக்கத்து ஊருக்கு, கொழும்புக்கு வருவோம். பாட்டுத் தரவரிசையின் உலக வரலாற்றில் கொழும்புக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. நம்மவர்களே அதை அதிகம் பேசுவதில்லை.

1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறைந்து, சாஸ்திரிய சங்கீதம் கூடியது. அப்போது இலங்கை வானொலியிடம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவம் விட்டுச்சென்ற சக்திவாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள் இருந்தன. 1950இல் தொடங்கிய வர்த்தக சேவையும் இருந்தது. டெல்லி வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டைக் கொழும்பு எடுத்துக்கொண்டது.

1952 டிசம்பர் 3 அன்று இலங்கை வானொலியின் இந்தி சேவையில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. ஒரு பற்பசை நிறுவனத்தின் விளம்பர நிகழ்ச்சி. நடத்தியவர் அமீன் சயானி, அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. பம்பாயில் பதிவு செய்த நாடா கொழும்புக்குப் போகும். அங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலிக்கும்.

தொடக்கத்தில் அந்த நிகழ்ச்சியில் தரவரிசை கிடையாது. ஏழு பாட்டுகளை வரிசை இல்லாமல் போடுவார்கள். அதை வரிசைப்படுத்தி எழுதி அனுப்புவது நேயர்களின் வேலை. பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு கடிதங்கள் வாரத்துக்கு 60,000ஐத் தாண்டின. படித்துச் சமாளிக்க முடியாமல் போட்டியைக் கைவிட்டார்கள். 1954இல் நிகழ்ச்சியே வாரத் தரவரிசையாக மாறியது.

'நம்பர்' என்று சொல்வதற்குப் பதில் சயானி 'படி' என்ற பொருளுள்ள இந்திச் சொல்லைப் பயன்படுத்தினார். பாட்டு இந்த வாரம் எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா என்று ஊரே காத்திருந்தது. ஆண்டு முடிவில் அந்த ஆண்டின் பெரிய பட்டியல் வரும். 1953ஆம் ஆண்டின் முதலிடம் 'அனார்கலி' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்கு.

இந்த வரிசை எப்படித் தயாரானது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ரெக்கார்டு கடைகளின் விற்பனைக் கணக்கு ஒரு பக்கம். ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் விருப்பப் பட்டியல் இன்னொரு பக்கம். கிராமபோன் வாங்கப் பணம் இல்லாதவருக்கும் காது உண்டே! விற்பனையை மட்டும் எண்ணினால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். ஒரு போஸ்ட் கார்டு அவரைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில், அபிரகச் சுரங்கங்கள் சூழ்ந்த ஜும்ரி தலையா என்ற சின்ன ஊர், விருப்பக் கடிதம் எழுதியே இந்தியா முழுவதும் பெயர் வாங்கியது. வானொலியில் அடிக்கடி கேட்டதால், அது உண்மையில் இருக்கிற ஊர்தானா என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு.

தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மயில்வாகனன் குரலும் பின்னர் அப்துல் ஹமீத் குரலும் கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. அங்கே பெரிதாக இருந்தது தரவரிசை அல்ல, நேயர் விருப்பம். பாட்டுக்கு முன்னால் அதைக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒரு பாட்டு யாருக்குப் பிடித்திருக்கிறது என்பது பாட்டோடு சேர்ந்தே காற்றில் வந்தது. எண்ணிக்கை பெயர்களை அழித்துவிடும். விருப்பக் கடிதம் பெயரைக் காப்பாற்றியது.

கீத்மாலா 1989இல் விவித பாரதிக்கு மாறி, 1994 வரை ஒலித்தது. சயானி 2024 பிப்ரவரியில் காலமானார்.

மூன்றாவதாக ஒரு மனிதர், ஜான் பீல். பிபிசி ரேடியோ 1இல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை நிகழ்ச்சி நடத்தியவர். பெரிய நிறுவனங்கள் கவனிக்காத சின்னக் குழுக்களின் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து ஒலிபரப்புவார். 1976இல் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்று கிறிஸ்துமஸ் காலப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். நேயர்கள் எழுதி அனுப்பியதைக் கூட்டி ஐம்பது பாட்டுகள். எந்த ஆண்டுப் பாட்டும் வரலாம். முதலிடம் லெட் ஸெப்பெலின் குழுவின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்'. அது ஐந்து ஆண்டுகள் பழைய பாட்டு.

அடுத்த ஆண்டு, 1977இல், அவர் வாக்குக் கேட்கவில்லை. தானே ஒரு வரிசை போட்டார். ஐம்பது என்று பெயர், ஆனால் 61 பாட்டுகள். பிடித்ததைப் பட்டியல் போட்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும், வெட்ட மனம் வராது. அவருடைய முதலிடம் மோட்டர்ஸ் என்ற குழுவின் 'டான்சிங் தி நைட் அவே'. விற்பனைப் பட்டியலில் பெரிய இடம் எதையும் பிடிக்காத பாட்டு.

பிறகு மறுபடி நேயர் வாக்கு. 1978, 1979, 1980 என்று மூன்று ஆண்டுகளும் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஒரே பாட்டு முதலிடம். கிளர்ச்சி இசை என்று வந்த பங்க் இசையே அசையாத சிம்மாசனம் ஆகிவிட்டது. 1982இல் அந்த ஆண்டின் பாட்டுகளுக்கென்று தனிப் பட்டியல் கொண்டுவந்தார். பிறகு அதுவே வழக்கமானது.

இங்கே இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பலர் சேர்ந்து வாக்களித்தால் ஏற்கனவே பெயர் பெற்றதுதான் மறுபடி மறுபடி மேலே வரும். இரண்டு, 'இந்த ஆண்டு' என்ற எல்லை நம்மைக் காப்பாற்றுகிறது. எல்லாக் காலத்துக்கும் சிறந்த பாட்டு எது என்று கேட்டால் நாம் நம் பதினெட்டு வயதுக்குப் போய் உட்கார்ந்துவிடுவோம். இந்த ஆண்டு எது என்று கேட்டால், இந்த ஆண்டில் கொஞ்சமாவது காது கொடுத்திருக்க வேண்டும்.

1977இன் பிரிட்டனில் எது அதிகம் விற்றது என்று சொல்லப் பல புத்தகங்கள் இருக்கின்றன. அந்த ஆண்டு காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட ஒரு மனிதருக்கு என்ன பிடித்தது என்று சொல்ல அந்த 61 பாட்டுகள்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டுமே வரலாற்று ஆவணம்தான். இரண்டாவதில் கையெழுத்து இருக்கிறது. அதனால் அதை எதிர்த்துப் பேச முடியும்.

இப்போது எண்ணிக்கையின் பக்கம் மறுபடி வருவோம். 1991 வரை பில்போர்ட் பட்டியல் பெரும்பாலும் கடைக்காரர்கள் சொன்னதை நம்பித்தான் நடந்தது. 1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து ஆல்பங்களின் கணக்கை சவுண்ட்ஸ்கேன் என்ற முறைக்கு மாற்றினார்கள். கல்லாவில் பார்கோடு ஒவ்வொரு முறை 'பீப்' என்று சத்தம் போடும்போதும் ஒரு விற்பனை பதிவாகும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதே ஆண்டு நவம்பர் 30இல் பாட்டுகளின் ஹாட் 100 பட்டியலும் புதிய கணக்குக்கு மாறியது.

பட்டியல் தலைகீழானது. ஜூன் மாதம் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கிராமிய இசை ஆல்பம் வெளியான வேகத்தில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. கிராமிய இசையில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மக்களின் ரசனை ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. நகரத்துக் கறுப்பின இளைஞர்களும் தெற்கத்திக் கிராமத்து மக்களும் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரர் தொலைபேசியில் பதில் சொல்லும்போது ராக் இசைதான் அவர் நினைவுக்கு முதலில் வந்தது. அவ்வளவு காலம் 'கணக்கு' என்று வந்ததில் பாதி, முகம் தெரியாத ஒரு கடைக்காரரின் ரசனை.

சரி, பார்கோடு வந்த பிறகாவது சரியாகிவிட்டதா? 1996இன் கடைசியிலும் 1997இன் தொடக்கத்திலும் அமெரிக்க வானொலிகளில் நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஹாட் 100 பட்டியலில் அதற்கு நூறாவது இடம்கூட இல்லை. அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாகக் கடையில் விற்கப்படவில்லை. தனியாக விற்காத பாட்டுக்கு இடமில்லை என்பது விதி. அந்த விதி 1998 டிசம்பரில்தான் மாறியது. அதற்குள் அந்தப் பாட்டின் காலம் போய்விட்டது. அந்த 16 வாரமும் அதைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் தன் நோட்டில் அதை முதலிடத்தில் எழுதியிருந்தால், அந்த நோட்டு பில்போர்டைவிட உண்மையானது.

இன்று எண்ணும் வேலையைக் கைபேசியே செய்கிறது. ஸ்பாட்டிஃபை 2016 முதல் 'ராப்ட்' என்ற பெயரில் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஆண்டுப் பட்டியலைத் தயார் செய்து தருகிறது. நாம் அதைப் பார்த்து, "ஓ, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறதா!" என்று தெரிந்துகொள்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்குப் பிடித்ததை எனக்கே இன்னொருவர் சொல்கிறார்.

அது எண்ணுவது நாம் ஓடவிட்டதை. குழந்தையைத் தூங்கவைக்க ஒரு தாலாட்டை 200 முறை ஓடவிட்ட தாய்க்கு அந்தத் தாலாட்டுதான் முதலிடம். அவளுக்குப் பிடித்த பாட்டு வேறாக இருக்கலாம். ஒரே ஒருமுறை கேட்டு, தாங்க முடியாமல் நிறுத்திவிட்ட பாட்டாகக்கூட இருக்கலாம். தவிர, ஆண்டு முடிவதற்கு முன்பே இந்தப் பட்டியல் வந்துவிடுவதால் டிசம்பர் கணக்கில் வராது. கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு ஆண்டை முடிக்கிற எங்களைப் போன்ற வீடுகளுக்கு, ஆண்டின் மிக முக்கியமான பாட்டுகள் அதில் இருக்கவே இருக்காது.

நான் நர்ஸ் என்பதால் இதை வேறு ஒரு எண்ணோடு ஒப்பிடத் தோன்றுகிறது. வார்டில் நோயாளியிடம், "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்போம். அவர் ஏழு என்றால் ஏழு. நாடித்துடிப்புக்கும் காய்ச்சலுக்கும் கருவி இருக்கிறது. வலிக்குக் கருவி இல்லை. வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதுதான் என்று மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968இல் வரையறுத்தார். இன்றும் நர்சிங் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு மூன்று என்பதால் இவருடைய ஏழு பொய்யாகாது.

ஒரு ரசிகரின் பட்டியலும் அந்த வகை எண்தான். அது உலகத்தைப் பற்றிய கணக்கு அல்ல, ஒருவர் தன்னைப் பற்றிக் கொடுக்கும் சாட்சி. அதை அவரைத் தவிர யாரும் கொடுக்க முடியாது. விற்பனையை வைத்து அதைத் திருத்தவும் முடியாது.

இதில் உண்மையாகவே ஒரு நஷ்டம் இருக்கிறது. டிமென்ஷியா வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் பாட்டுக்கு ஒரு வேலை உண்டு. பெயரும் நாளும் மறந்த ஒருவர், இளமையில் கேட்ட பாட்டு வந்தால் தாளம் போடுவார், சில நேரம் வரிகளைக் கூடவே பாடுவார். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை மனதில் ஆழமாகப் பதிகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டது. ஸ்காட்லாந்தில் எழுத்தாளரும் ஒலிபரப்பாளருமான சாலி மேக்னுசன், டிமென்ஷியாவில் இருந்த தன் தாயைக் கவனித்துக்கொண்ட அனுபவத்திலிருந்து 2013இல் 'பிளேலிஸ்ட் ஃபார் லைஃப்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கையின் பாட்டுகளைப் பட்டியலாக்கி வைப்பதுதான் அதன் வேலை.

அங்கே குடும்பத்தாரிடம் கேட்கும் முதல் கேள்வி, "அம்மாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்பது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "பழைய பாட்டு... பி. சுசீலா..." என்று இழுப்பார்கள். எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, ஏன் என்று தெரியாது. 1965இல் அதிகம் விற்றது எது என்பதை யாரும் தேடி எடுத்துவிடலாம். 1965இல் யாழ்ப்பாணத்திலோ நாகர்கோவிலிலோ பதினாறு வயதில் இருந்த ஒரு பெண்ணுக்கு எது முதலிடம் என்பதை எங்கே தேடுவது? அவர் எழுதி வைத்திருந்தால் உண்டு. நம் தலைமுறையின் பாட்டுகள் கடல் தாண்டிச் சிதறிக் கிடப்பதால், வேற்று நாட்டு நர்ஸ் ஒருவர் ஊகித்துப் போடவும் முடியாது.

பிபிசியில் 1942 முதல் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சி நடக்கிறது. தனித்தீவுக்குப் போனால் கூடவே எடுத்துச்செல்லும் எட்டு இசைத்தட்டுகளைப் பிரபலங்கள் சொல்வார்கள். நம்மில் பலர் கிட்டத்தட்ட அப்படி ஒரு தீவுக்கு வந்தவர்கள்தான். நம்மிடம் யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நாமே சொல்லிவிடுவது நல்லது.

எனவே இந்த ஆண்டு பட்டியல் போடுங்கள். பத்துப் பாட்டு போதும். ஆண்டை எழுதுங்கள். வரிசையைக் கட்டாயம் போடுங்கள். "எல்லாமே பிடிக்கும்" என்பது பதில் அல்ல. எட்டாவதா ஏழாவதா என்று யோசிக்கும்போதுதான் ஒரு பாட்டு நமக்கு என்ன செய்தது என்று தெரிகிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே கேட்டீர்கள், யார் கூட இருந்தார்கள் என்று. பழைய பாட்டு இந்த ஆண்டுதான் உங்களை வந்தடைந்தது என்றால் அதையும் சேருங்கள். உங்கள் பட்டியலுக்கு விதி நீங்கள் போடுவது. பிறகு அதைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு நோட்டிலும் எழுதி, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

ஊரில் அப்பா அம்மா இருந்தால் இந்த வார அழைப்பில், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்ற கேள்விகளுக்குப் பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "உங்களுக்கு எந்தப் பாட்டு முதலிடம்?" அவர்கள் சிரிப்பார்கள், யோசிப்பார்கள், வேறு ஏதோ கதை சொல்லத் தொடங்குவார்கள். குறுக்கிடாமல் பாட்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

 இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.